பச்சை இகுவானா வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இகுவானா வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், வாங்கிவிட்டுத் தவிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறோம். இங்கே பேசுவது பச்சை இகுவானாவைப் பற்றி மட்டும். பாலைவன இகுவானா, காண்டாமிருக இகுவானா போன்றவற்றின் தேவைகள் வேறு.

1. இகுவானா நம்ம உடும்பு மாதிரிதானே?

இல்லை. உடும்பு மாமிசம் தின்னும்; அதன் நாக்கு பாம்பு நாக்கைப் போல நுனியில் பிளந்திருக்கும். இகுவானா இலை தின்னி. நாக்கு சதைப்பற்றோடு தடித்திருக்கும். உடும்பு என்று நினைத்து முட்டையும் இறைச்சியும் போட்டு வளர்த்தால் சில வருடங்களில் இகுவானாவின் சிறுநீரகம் போய்விடும்.

இதன் சொந்த ஊர் மெக்சிகோவிலிருந்து தெற்கு பிரேசில், பராகுவே வரையிலான ஆற்றோரக் காடுகள். மர உச்சியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஆபத்து என்றால் கிளையிலிருந்து அப்படியே ஆற்றில் குதித்து, கால்களை உடம்போடு ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் வீசி நீந்திப் போய்விடும். உயரம், வெயில், ஈரக்காற்று, இலை. இந்த நான்கையும் வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா என்பதைத்தான் கீழே உள்ள பாதிக் கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன.

2. கடையில உள்ளங்கை அளவுதான் இருந்தது. எவ்வளவு பெருசாகும்?

முட்டையிலிருந்து வரும்போது வால் உட்பட ஏறத்தாழ 20 செ.மீ. மூன்று நான்கு வருடத்தில் 1.2 முதல் 1.5 மீட்டர். நன்றாக வளர்ந்த ஆண் 1.8 மீட்டரைத் தொடும், எடை 4 முதல் 6 கிலோ வரும். நீளத்தில் பாதிக்கு மேல் வால்தான். சரியாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 வருடம் வரை இருக்கும்.

"தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் வளரும்" என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். சின்னத் தொட்டியில் வளர்ச்சி நின்றுபோன இகுவானா நோயாளி.

3. பார்க்கவே பயமா இருக்கே. இதுல என்ன அழகு?

பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள். தாடைக்குக் கீழே ஒரு பெரிய வட்டச் செதில் முத்துச்சிப்பி போல மின்னும். அதற்குச் சற்று மேலே, பின்பக்கமாக இருக்கும் மெல்லிய சவ்வுதான் செவிப்பறை. கழுத்துக்கு அடியில் விரியும் தோல்மடிப்பு, பிடரியிலிருந்து வால் வரை ஓடும் முள்வரிசை, ஒரு கண் உங்களைப் பார்க்க இன்னொரு கண் ஜன்னலைப் பார்க்கும் விதம் எல்லாம் நிதானமாகப் பார்த்தால்தான் பிடிபடும்.

உச்சந்தலையில், இரண்டு கண்களுக்கும் சற்றுப் பின்னால், வெளிறிய ஒரு சின்னச் செதில் தெரியும். அது மூன்றாவது கண். உருவத்தைப் பார்க்காது; வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் உணரும். மேலிருந்து நிழல் விழுந்தால் இகுவானாவுக்கு அது பருந்து. அதனால் கையை மேலிருந்து ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். பக்கவாட்டில், அதன் வயிற்று உயரத்தில், மெதுவாக.

4. வளர்க்கச் சட்டம் அனுமதிக்குதா?

நாட்டுக்கு நாடு மாறும். பச்சை இகுவானா 1977 முதல் சைட்டிஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துவது) உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டி விற்க ஏற்றுமதி அனுமதி வேண்டும். வளர்ப்பதற்குப் பதிவு, உரிமம், முழுத் தடை என ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதி. புளோரிடா மாகாணம் 2021-ல் இதைத் தடைசெய்யப்பட்ட இனங்களில் சேர்த்துவிட்டது. வாங்குவதற்கு முன் உங்கள் ஊர் வனத்துறையிடம் கேளுங்கள். பண்ணையில் பிறந்தது என்பதற்கான ஆவணமும் ரசீதும் இல்லாமல் வாங்காதீர்கள்.

5. ஒத்தையா இருந்தா பாவம்ல? ரெண்டா வாங்கலாமா?

வேண்டாம். இகுவானாவுக்குத் துணை தேவையில்லை. இரண்டு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பதைப் பாசம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது வெயில் காயும் இடத்துக்கான போட்டி. மேலே இருப்பது வளரும், கீழே இருப்பது தேயும். இரண்டு ஆண்கள் வளர்ந்தபின் ரத்தம் வரச் சண்டை போடும். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடுகூட மல்லுக்கட்டும்.

6. கூண்டு எவ்வளவு பெருசு வேணும்?

வளர்ந்த இகுவானாவுக்குக் குறைந்தபட்சம் நீளம் 1.8 மீட்டர், அகலம் 1 மீட்டர், உயரம் 1.8 மீட்டர். உயரம் கூடினால் இன்னும் நல்லது. அதன் உடல் பருமனுக்குக் குறையாத தடிமனில் கிளைகளை வெவ்வேறு உயரத்தில் ஆட்டம் இல்லாமல் திருகி இறுக்குங்கள். ஒரு கிளை விழுந்தால் தொடை எலும்பு முறியும்.

தரையில் செய்தித்தாள் போதும். மணல், மரத்தூள், பட்டைத் துண்டு எல்லாம் நாக்கில் ஒட்டி வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். மீன்தொட்டி மாதிரி நாலு பக்கமும் கண்ணாடி வேண்டாம். காற்றோட்டம் இருக்காது, வெயில் பட்டால் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

7. சூடு எவ்வளவு இருக்கணும்? சூடாகும் கல் வாங்கி வைக்கலாமா?

வெயில் காயும் கிளையின் மேற்பரப்பு 35 முதல் 38 டிகிரி செல்சியஸ். கூண்டின் குளிர்ந்த பக்கம் 26, 27. இரவில் 22-க்குக் கீழே போகக்கூடாது. ஒரே கூண்டில் இந்த இரண்டு முனைகளும் இருந்தால்தான் அது தானே இடம் மாறி உடல் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 80 சதவீதம். கூண்டில் ஒட்டும் முள் வெப்பமானியை நம்பாதீர்கள். நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வையுங்கள்.

சூடாகும் கல் வேண்டாம். இகுவானாவுக்கு வெப்பம் மேலிருந்து வருவதுதான் பழக்கம். வயிறு வேகும்போதுகூட நகராமல் கிடக்கும். விளக்கையும் அது தாவித் தொட முடியாதபடி கம்பிக்கூடு போட்டு மூடி, சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோடு இணையுங்கள். இரவில் சூடு தேவைப்பட்டால் ஒளி தராத செராமிக் ஹீட்டர் போடுங்கள். சிவப்பு விளக்கு தூக்கத்தைக் கெடுக்கும்.

8. யு.வி.பி விளக்கு நிஜமாவே தேவையா? ஜன்னல்ல நல்லா வெயில் வருதே.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் (இதுதான் யு.வி.பி) தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இல்லாமல் எவ்வளவு கால்சியம் தின்றாலும் குடல் அதை உறிஞ்சாது. அப்போது உடம்பு கால்சியத்தை எலும்பிலிருந்து எடுக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். ஜன்னலோரத்தில் இகுவானாவுக்குக் கிடைப்பது வெளிச்சமும் சூடும் மட்டும்தான்.

நேரடி வெயிலுக்கு இணை கிடையாது. பாதி நிழல் உள்ள கம்பிக்கூண்டில் வைத்து, பக்கத்திலேயே இருந்து, முடிந்த நாளெல்லாம் அரை மணி நேரம் காட்டுங்கள். வீட்டுக்குள் யு.வி.பி தரும் டி5 வகை (மெல்லிய) நீளக் குழல் விளக்கு வேண்டும். சுருள் வடிவச் சின்ன பல்பு இவ்வளவு பெரிய உடம்புக்குப் போதாது. குழலை மேலே பொருத்துங்கள். பக்கவாட்டில் வைத்தால் நேரே கண்ணில் படும். மேலிருந்து வந்தால் புருவமேடு கண்ணுக்கு நிழல் தரும். வெப்ப விளக்கும் இதுவும் ஒரே கிளைமேல் விழ வேண்டும். தோலில் டி3 உருவாகி முடிய வெப்பமும் தேவை. முதுகு இருக்கும் இடத்தில் யு.வி. குறியீடு (புற ஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் எண்) 3 முதல் 5 வரை இருந்தால் சரி. நடுவில் கம்பிவலை இருந்தால் கதிர் கணிசமாகக் குறையும், பிளாஸ்டிக் தகடு இருந்தால் பெரும்பாலும் வரவே வராது. தினம் 12 மணி நேரம், டைமர் வைத்து.

9. விளக்கு நல்லாத்தானே எரியுது? ஏன் மாத்தச் சொல்றீங்க?

கண்ணுக்குத் தெரியும் ஒளி அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத யு.வி.பி தேய்ந்துபோயிருக்கும். அளவிடும் கருவி இருந்தால் அளந்து மாற்றுங்கள். இல்லையென்றால் பொருத்திய தேதியைக் குழலின் முனையில் எழுதி வைத்து, டி5 குழலை 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

10. சாப்பாட்டுக்கு என்னதான் கொடுக்கணும்?

தட்டில் 80 முதல் 90 சதவீதம் இலை. கடுகு இலை, டர்னிப் இலை, காலர்ட் இலை, டேண்டலியன், எண்டைவ், முசுக்கொட்டை இலை, திராட்சை இலை, செம்பருத்தி இலையும் பூவும். மீதி பூசணி, பீன்ஸ், குடைமிளகாய் போன்ற காய்கள். பழம் வாரத்தில் ஒன்றிரண்டு துண்டு, ஆசைக்கு மட்டும். தட்டில் உள்ள கால்சியம் பாஸ்பரஸைவிட இரண்டு மடங்கு இருக்க வேண்டும். வாழைப்பழமும் தானியமும் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும். பூச்சிமருந்து அடித்த செடியிலிருந்து எதையும் பறிக்காதீர்கள். அவகாடோ, ருபார்ப் இரண்டும் விஷம்.

காலையில் ஒரு மணி நேரம் வெயில் காய்ந்தபின் கொடுங்கள். இலையை அரைப்பது அதன் வயிறு அல்ல, பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். அவை வேலை செய்யச் சூடு வேண்டும். மாலையில் தின்றுவிட்டுக் குளிர்ந்துபோனால் உணவு உள்ளேயே கிடக்கும். குட்டிகளுக்குப் பொடியாக நறுக்கி நாளுக்கு இருமுறை, பெரியவற்றுக்குக் கிழித்துப் போட்டு ஒருமுறை.

11. பசலைக்கீரை கொடுத்தா என்ன? கீரை நல்லதுதானே?

நமக்கு நல்லது. பசலை, பாலக், தண்டுக்கீரை வகைகளில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைக் கட்டிப்போட்டு மலத்தோடு வெளியேற்றிவிடும். எப்போதாவது ஒரு பிடி கலந்தால் பாதகமில்லை, தினசரி உணவாக்கக் கூடாது. முட்டைக்கோஸ், கேல் வகைகளும் அப்படித்தான், காரணம் வேறு: அளவு மீறினால் தைராய்டைப் பாதிக்கும். ஐஸ்பர்க் லெட்யூஸில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. அதன் ருசிக்குப் பழகிய இகுவானா மற்ற இலையைத் தொடாது.

12. புரதம் வேண்டாமா? முட்டை, புழு, நாய்த் தீனி கொடுத்தா சீக்கிரம் வளருமாமே?

வளரும். அதோடு யூரிக் அமிலமும் சேரும். அது மூட்டில் படிந்து வீங்கும், சிறுநீரகத்தை அடைக்கும். நாய், பூனைத் தீனியில் டி3-யும் இகுவானாவுக்கு மிகையாக இருக்கும். மென்திசுக்களில் சுண்ணாம்பு படியும். வேண்டிய புரதம் இலையிலேயே இருக்கிறது.

13. கால்சியம் தூள் எவ்வளவு தூவணும்?

பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் கார்பனேட் தூள். வளரும் குட்டிக்கு அநேகமாகத் தினமும் ஒரு சிட்டிகை. வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று முறை. முட்டை சுமக்கும் பெண்ணுக்குத் தினமும். வெளிச்சம் 8-ம் கேள்வியில் சொன்னபடி இருந்தால் டி3 கலக்காத தூளே போதும். வாயால் கொடுக்கும் டி3 மிஞ்சினால் அதை உடம்பு சுலபத்தில் வெளியேற்றாது. தூளை ஈர இலையில் போட்டுப் பிசறுங்கள். மேலாகத் தூவினால் தட்டின் அடியில்தான் தங்கும்.

14. தண்ணியே குடிக்க மாட்டேங்குது.

காட்டில் இலையில் வழியும் நீரைத்தான் நக்கும். காலை, மாலை இலைகளை நனைத்துத் தெளியுங்கள், தட்டு இலையையும் ஈரமாகவே வையுங்கள். வாரம் இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான நீரில், தோள் உயரத்துக்கு மிகாமல், 20 நிமிடம் விடலாம். தண்ணீரிலேயே மலம் கழிக்கும், உடனே மாற்றிவிடுங்கள்.

போதிய நீர் கிடைக்கிறதா என்று எச்சத்தைப் பார்த்தாலே தெரியும். அதில் மலம், தெளிந்த நீர், வெள்ளைப் பசை என்று மூன்றும் இருக்கும். வெள்ளைப் பகுதி மஞ்சளாகி மணல் போல நறநறத்தால் உடம்பில் நீர் குறைகிறது.

15. தும்மி தும்மி கண்ணாடியெல்லாம் வெள்ளையாக்குது. சளியா?

உப்பு. இலையில் வரும் மிகையான பொட்டாசியம், சோடியத்தை மூக்கருகே உள்ள உப்புச் சுரப்பி வெளியேற்றுகிறது. காய்ந்ததும் வெண்தூளாகப் படியும். துடைத்துவிட்டால் போதும். வாய் திறந்து மூச்சு வாங்குவது, மூக்கில் குமிழி, வாயில் கோழை நூல் இழுப்பது இருந்தால் அது நுரையீரல் தொற்று, மருத்துவரிடம் போக வேண்டியது.

16. ஒழுங்கா சாப்பிடுது, தொடை நல்லா குண்டா கல்லு மாதிரி இருக்கு. ஆரோக்கியம்தானே?

பெரும்பாலும் இல்லை. உடம்பு ஒல்லியாகவும் தொடையோ கையோ மட்டும் உருண்டு இறுகியும் இருந்தால், கால்சியம் இழந்த எலும்பைத் தாங்க நார்த்திசு தடித்திருக்கிறது என்று பொருள். இதுதான் வளர்சிதை எலும்பு நோய். வீட்டு இகுவானாக்களை அதிகம் கொல்வது இதுவே என்று தயங்காமல் சொல்லலாம்.

வேறு அறிகுறிகள்: கீழ்த்தாடை இருபக்கமும் வீங்கி எப்போதும் சிரிப்பதுபோலத் தெரிவது, வாய் முழுதாக மூடாதது, விரல்கள் தானாகத் துடிப்பது, முதுகில் வளைவு. நல்ல இகுவானா நடக்கும்போது நெஞ்சும் வயிறும் தரையை விட்டு எழும்பும். நோயுற்றது வயிற்றை இழுத்துக்கொண்டு ஊரும். தாடையை அமுக்கிச் சோதிக்காதீர்கள், முறிந்துவிடும். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மருத்துவர் தரும் கால்சியம் இவற்றோடு 7, 8, 10-ம் கேள்விகளில் சொன்னதைத் திருத்தினால் ஆரம்பத்தில் மீட்கலாம். வளைந்த எலும்பு நிமிராது.

17. தோல் துண்டு துண்டா உரியுது. பிய்ச்சு விடலாமா?

பாம்பு மாதிரி ஒரே உறையாக உரியாது, திட்டுத்திட்டாகத்தான் உரியும். பிய்த்தால் கீழே உள்ள புதுத்தோல் கிழியும். குளியலும் ஈரப்பதமும் போதும். விரல்களையும் வால் நுனியையும் மட்டும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். பழைய தோல் அங்கே மோதிரம் போல இறுகி நின்றால் ரத்த ஓட்டம் நின்று நுனி கறுத்து அழுகும். வெந்நீரில் ஊறவைத்துப் பஞ்சால் மெல்ல உருட்டி எடுங்கள். இங்கே வெந்நீர் என்றால் உங்கள் மணிக்கட்டுக்கு வெதுவெதுப்பாகத் தெரிவது.

18. வாலைப் பிடிச்சேன், கையோட வந்துடுச்சு!

பதற வேண்டாம். எதிரியிடமிருந்து தப்ப வாலை விடுவது அதன் வழி. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். சில நாட்கள் கூண்டைத் தூய்மையாக வைத்து, குளியலை நிறுத்துங்கள். வேர்ப்பகுதியில் முறிந்தாலோ, வீங்கினாலோ, நாறினாலோ மருத்துவர் பார்க்க வேண்டும். மறுபடி வளரும், ஆனால் எலும்புக்குப் பதில் குருத்தெலும்போடு, குட்டையாக, கறுத்த நிறத்தில். இனி வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை இடுப்புக்கு அடியில்.

19. தலையை ஆட்டி ஆட்டிக் காட்டுது, கிட்ட போனா வாலால அடிக்குது. எப்படிப் பழக்கறது?

மெதுவான தலையாட்டல் "இது என் இடம்" என்ற அறிவிப்பு. வேகமாக வெட்டி வெட்டி ஆட்டி, கழுத்துத்தோலை விரித்து, பக்கவாட்டில் உடலைத் தட்டையாக்கி நின்றால் அடுத்தது வால்வீச்சு.

முதல் இரண்டு வாரம் தொடவே வேண்டாம். கூண்டருகே உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். பிறகு கையில் செம்பருத்திப் பூவை நீட்டுங்கள். பிறகு தினம் பத்து நிமிடம் தொட்டுப் பழக்கம். ஒரு நுணுக்கம்: அது திமிறும்போது கையை எடுத்தால், திமிறினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும். அடங்கிய நொடியில் விடுங்கள். சில மாதங்கள் பிடிக்கும். சில இகுவானாக்கள் மடியில் ஏறவே ஏறாது, அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

20. வருஷக்கணக்கா சாதுவா இருந்தது, திடீர்னு கடிக்க வருது!

ஆணா, உடம்பில் ஆரஞ்சு நிறம் ஏறியிருக்கிறதா, தொடையின் அடிப்பக்கத் துளைகளில் மெழுகுபோல நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். இனப்பெருக்கக் காலம். சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதம் வரை நீளும், பிறகு தணியும். அதுவரை கண்ணாடிகளை மூடுங்கள், முகத்தருகே கொண்டுபோகாதீர்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள், தூக்க நேர்ந்தால் தடித்த துண்டால் சுற்றித் தூக்குங்கள். பற்கள் ரம்பம் போன்றவை; கடி ஆழமாக இறங்கினால் தையல் போட வேண்டி வரும்.

21. ஆணே இல்லை. எப்படி முட்டை வரும்?

கோழியைப் போலத்தான், ஆண் இல்லாமலும் கருக்கூடாத முட்டை உருவாகும். ஒரே ஈட்டில் 20 முதல் 70 வரை. வயிறு புடைக்கும், சில வாரம் உணவு குறையும், மூலையைத் தோண்டும். ஆனால் கண்ணில் துடிப்பு இருக்கும். உடனே முட்டையிடும் பெட்டி வையுங்கள்: அது உள்ளே திரும்பும் அளவு, பக்கத்தில் ஒரு நுழைவாய், உள்ளே 30 செ.மீ. ஆழத்துக்கு மணலும் மண்ணும் கலந்தது. கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கும் ஈரம் இருந்தால் அதில் அது தோண்டும் சுரங்கம் சரியாது.

இடம் பிடிக்காவிட்டால் முட்டையை அடக்கிக்கொள்ளும், அது உயிருக்கு ஆபத்து. துவண்டு கிடப்பது, முக்கியும் வராதது, பாதி இட்டுவிட்டு நின்றுபோவது எதுவானாலும் அன்றே மருத்துவமனை. ஆண்டுதோறும் சிரமப்படும் பெண்ணுக்குச் சூலகத்தை (முட்டை உருவாகும் உறுப்பை) நீக்க அறுவை சிகிச்சையும் உண்டு.

22. வீட்ல கைக்குழந்தை இருக்கு. ஏதாவது தொத்துமா?

சால்மொனெல்லா என்ற குடல் கிருமி தொற்றலாம். இகுவானா முழு ஆரோக்கியமாக இருந்தபடியே அதை எச்சத்தில் வெளியேற்றும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை, கர்ப்பிணி, முதியவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் உள்ள வீட்டில் இகுவானா வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மற்றவர்கள் தொட்டபின் சோப்பால் 20 நொடி கை கழுவ வேண்டும். அதன் தட்டையும் குளியல் தொட்டியையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

23. ராத்திரி முழுக்க கரண்ட் இல்லைன்னா?

துணிப்பையிலோ தலையணை உறையிலோ விட்டு, மூடியுள்ள தெர்மோகோல் பெட்டியில் காற்றுத் துளையோடு வையுங்கள். துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் இரண்டு பக்கத்தில். ஒரு நாள் வெளிச்சம் இல்லாதது ஒன்றும் செய்யாது. மறுபடி சூடேறும்வரை உணவு மட்டும் கொடுக்காதீர்கள். காரணம் 10-ம் கேள்வியில் இருக்கிறது.

24. என்னால இனி பார்த்துக்க முடியல. காட்டுல விட்டுடலாமா?

விடாதீர்கள். குளிரான ஊரில் செத்துப்போகும், வெப்பமான ஊரில் பெருகிவிடும். புளோரிடாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் வெளியிலிருந்து வந்த இகுவானாக்கள் பெருகி கரைகளைக் குடைந்து பயிரைத் தின்கின்றன. புளோரிடாவில் கடுங்குளிர் வரும் நாட்களில் அவை விறைத்து மரத்திலிருந்து விழுகின்றன. கரீபியனின் சில தீவுகளில் இவை அங்கே மட்டுமே வாழும் லெஸ்ஸர் ஆண்டிலிஸ் இகுவானா என்ற வேறோர் இனத்தோடு இணைசேர்ந்து, ஏற்கெனவே அழியும் விளிம்பில் உள்ள அந்த இனத்தையே கரைக்கின்றன.

ஊர்வன மீட்பு அமைப்பு, அனுமதி பெற்ற வளர்ப்பாளர், உயிரியல் பூங்கா, வனத்துறை என்ற வரிசையில் கேளுங்கள். ஒப்படைக்கும்போது கூண்டு, விளக்கு, 4-ம் கேள்வியில் சொன்ன ஆவணம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு தாளில் இதையும் எழுதுங்கள்: வயது, கடைசி எடை, விளக்கு மாற்றிய தேதி, தினம் தின்னும் இலைகள், எப்படித் தூக்கினால் பயப்படாது, எந்த மாதத்தில் கோபப்படும்.